பொறிவீரரும் கட்டாய ஊழியமும்: அசைவோவியத் தொடர்களின் வரலாற்று வேர்கள்

சிறுவர் விரும்பும் கதைகளைப் பெரியோர் பெரும்பாலும் விளையாட்டென ஒதுக்கிவிடுவர். ஆயினும், ஒரு சமுதாயம் எதனை அஞ்சிற்று, எதனை விழைந்தது என்பதை அரசர் பொறித்த சாசனங்களைக் காட்டிலும் அத்தகைய கதைகளே சிலபோது தெளிவாக உரைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் யப்பானிலும் அமெரிக்காவிலும் தோன்றி உலகெங்கும் பரவிய அறிவியற் புனைகதைத் தொடர்களுள், இயந்திர மனிதரைத் தலைவராகக் கொண்ட அசைவோவியத் தொடர்கள் சிறப்பிடம் பெறுவன. கார்ட்டூன் எனப் பொதுவழக்கில் அழைக்கப்படும் இவற்றின் பொறிவீரரை அறியாத சிறுவர் இன்று நகரங்களில் மட்டுமன்று, மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்துள்ள பல்லேகம போன்ற ஊர்களிலும் அரியர். இவ்வீரர் எங்கிருந்து வந்தனர்? இவர்தம் வீரம் எத்தன்மையது? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, பொறிவீரர் கதையின் அடியில் ஊழியத்தின் வரலாறு ஒன்று மறைந்து கிடப்பது புலனாகும். அவ்வரலாற்றில் மாத்தளை மண்ணுக்கும் பங்குண்டு.

தானே இயங்கும் கருவி பற்றிய எண்ணம் கீழ்த்திசைக்குப் புதியதன்று. தமிழில் ‘பொறி’ என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். கண், செவி முதலிய ஐம்பொறிகளையும் குறிக்கும். உணர்வுடைய உறுப்புக்கும் உணர்வற்ற கருவிக்கும் ஒரு பெயரே வழங்குவது கருதத்தக்கது. சிலப்பதிகாரம் மதுரை மதிலின்மேல் அமைந்திருந்த போர்ப்பொறிகளை நிரல்பட எடுத்துரைக்கின்றது. சீவகசிந்தாமணியில், சச்சந்தன் தன் தேவி விசயையை வான்வழி அனுப்புதற்கு மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். உதயணன் கதையில், உச்சயினி வேந்தன் பிரச்சோதனன் வீரரை உள்ளடக்கிய எந்திர யானையொன்றைக் காட்டில் நிறுத்தி, யானை வேட்கை மிக்க உதயணனைச் சிறைப்பிடிக்கின்றான். சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவையும் உயிரற்ற வடிவம் உயிருள்ளது போல் மனிதரை ஈர்க்கும் என்னும் கருத்திற் பிறந்ததே.

இவற்றினும் பொறிவீரர்க்கு மிக அணித்தான கதை ஈழநாட்டிலேயே எழுதப்பட்ட பாளி நூலொன்றில் உள்ளது. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் இயற்றிய சுமங்கலவிலாசினி என்னும் உரைநூலே அது. புத்தரின் தாதுக்களை அசாதசத்து மன்னன் நிலவறையில் வைத்து மறைத்தானென்றும், அதனைக் காத்தற்கு வாளேந்திய மரப்பாவைகள் காற்றைப்போல் விரைவாகச் சுழலும் இயந்திரம் ஒன்று அமைக்கப்பட்டதென்றும் அந்நூல் கூறுகின்றது. நெடுங்காலத்தின் பின் தாதுக்களை நாடி அசோகன் வந்தபோதும் அப்பாவைகள் ஓயாது சுழன்றுகொண்டிருந்தன. இறுதியில் விசுவகர்மா சிறுவன் வடிவில் வந்து, அப்பொறியைப் பிணைத்திருந்த மூட்டின்மீது அம்பெய்ய, அது சிதறி வீழ்ந்தது. பின்னாளில் பர்மாவிற் பயின்ற உலோகபஞ்ஞத்தி என்னும் பாளி நூல் இக்கதையை மேலும் விரித்துரைக்கின்றது. பூதவாகன இயந்திரம் எனப்படும் பொறிமாந்தர் உரோம தேயத்தில் இருந்தனரென்றும், அத்தொழில் அறிந்தோர் நாட்டைவிட்டு நீங்கின் பொறியொன்று பின்தொடர்ந்து கொல்லுமென்றும், அக்கலையைக் கரவிற் கொணர முயன்றவன் தன் தொடையைக் கீறிக் குறிப்பை உள்வைத்துத் தைத்தானென்றும், அவன் உயிர் நீத்தபின் அவன் மைந்தன் அதனைப் பெற்றுப் பாடலிபுத்திரத்தில் பொறிகளைச் சமைத்தானென்றும் அந்நூல் கூறும்.

பாளித் திருமுறை ஏட்டிலேறியது கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில் என்பதும், அது நிகழ்ந்த இடம் மாத்தளைக்கு அணித்தாயுள்ள அலுவிகாரை என்பதும் மரபு. அத்திருமுறைக்கு எழுந்த உரையொன்றிலேயே இயந்திரக் காவலரின் கதை இடம்பெற்றிருத்தல் இம்மாவட்டத்தார் அறிந்து மகிழத்தக்கது. ஆயின் அக்கதையின் உட்பொருளையும் உற்று நோக்குதல் வேண்டும். அம்மரப்பாவைகள் உண்ணவில்லை, உறங்கவில்லை, கூலி கேட்கவில்லை, கள்வன் யார், தாதுவை முறைப்படி வழிபட வந்தவன் யார் என வேறுபாடும் காணவில்லை. ஏவினவன் இறந்து பல தலைமுறை கழிந்த பின்னும் ஏவலை நிறைவேற்றுகின்றன. ஆற்றல் அவற்றுக்குண்டு; வீரம் இல்லை. ஏனெனில், ‘இது தகுமா’ எனக் கேட்கும் உரிமை அவற்றுக்கு அளிக்கப்படவில்லை.

பண்டை மக்கள் இத்தகைய ஏவலரைக் கற்பனை செய்ததன் காரணம் வெளிப்படை. பெருங்கோயில்களும் பெருங்குளங்களும் எண்ணற்ற கைகளின் உழைப்பால் எழுந்தன. அக்கைகள் களைத்தன, பசித்தன, முணுமுணுத்தன. களைக்காத கை ஒன்றினை மனம் நாடுதல் இயல்பே. குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைப் பூதங்களின் துணைகொண்டு கட்டினான் என்னும் கீழைக்கரைத் தமிழர் மரபும், பூதத்தால் இயங்கும் பொறி என்னும் பாளிக் கதையும் ஒரே விருப்பத்தின் இருவேறு வடிவங்கள். இவ்விருப்பத்துக்கு மாறான குரலும் ஈழ வரலாற்றில் உண்டு. துட்டகாமணி உருவன்வெலிசாயத்தை எழுப்பியபோது, கூலியின்றி எவரும் அங்கு வேலை செய்தல் ஆகாது என ஆணையிட்டு, நான்கு வாயில்களிலும் பொருள் வைப்பித்தான் என மகாவம்சம் கூறுகின்றது. அவ்வாணையைத் தனிச் சிறப்பாக எடுத்தோத வேண்டியிருந்தமையே, கூலியற்ற வேலை அக்காலத்தில் அரிதாயிருக்கவில்லை என்பதைக் காட்டும்.

கண்டி அரசில் இவ்வூழியம் இராசகாரியம் எனப் பெயர் பெற்றது. நிலத்தை நுகர்வோர் அதற்கீடாக அரசனுக்கும் தலைவர்க்கும் கோயிலுக்கும் தத்தமக்குரிய பணியை ஆற்றுதல் அதன் முறை. ஊர்மக்கள் குளத்தையும் வாய்க்காலையும் பேணியது இம்முறையாலே என்பதால், அதனை முற்றும் கொடுமையெனக் கூறுதல் பொருந்தாது. ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றிய பின்னர் அம்முறையைத் தம் பெருந்தெருக்களை அமைத்தற்குப் பயன்கொண்டனர். பழைய கடப்பாடு நின்றது; அதனோடு பிணைந்திருந்த பழைய பயன் மறைந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களில் மட்டும் அது தொடர்ந்தது.

ஆயினும் பதினாறே ஆண்டுகளில் ஊழியம் வேறு பெயரில் மீண்டது. 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் இறுத்தல் வேண்டும் என விதித்தது. துவக்கு வரி, நாய் வரி, கடை வரி ஆகியனவும் உடன் வந்தன. அவ்வாண்டு யூலை 26ஆந் தேதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடி புனைந்தான். கிளர்ச்சியாளர் மாத்தளைக்குட் புகுந்தனர். படைச்சட்டம் பிறந்தது; கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. புரன் அப்பு ஆகத்து 8ஆந் தேதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். மாத்தளைக் கிளர்ச்சி என வரலாறு குறிப்பது இதனையே. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஆறு நாள் ஊழியமும் ஒன்று.

இனி, ‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பை நோக்குதல் வேண்டும். செக்கு நாட்டு நாடகாசிரியர் கரெல் சாப்பெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர். யூ. ஆர்.’ என்னும் நாடகத்தின் வாயிலாகவே அச்சொல் உலகிற் பரவிற்று. அதனை அவர்க்கு எடுத்துக் கொடுத்தவர் அவர் தமையனாரும் ஓவியருமான யோசெப் சாப்பெக். செக்கு மொழியில் ‘ரொபோத்தா’ என்பது குடியானவர் தம் நிலக்கிழார்க்குக் கூலியின்றி ஆற்ற வேண்டிய கட்டாய வேலையைக் குறிக்கும். ஏறத்தாழ இராசகாரியம் என்பதே அதன் பொருள். அந்த ரொபோத்தா, ஒஸ்திரியப் பேரரசின் பொகீமியாவில் 1848ஆம் ஆண்டு செப்தெம்பரில் ஒழிக்கப்பட்டது. மாத்தளை மக்கள் ஆறு நாள் ஊழியத்தை எதிர்த்து எழுந்த ஆண்டும் அதுவே. இவ்விரண்டிற்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆயினும், ஒரே ஆண்டில் உலகின் இருவேறு மூலைகளில் ஒரே சுமை மக்கள் தோளை உறுத்திற்று என்பது மறுக்கவியலாத உண்மை.

சாப்பெக்கின் நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பினால் ஆனவர் அல்லர். உயிர்ப்பொருள் போன்ற செயற்கைப் பொருளால் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு, விலைக்கு விற்கப்படுபவர். அவர்கள் உலகின் வேலை யாவற்றையும் செய்கின்றனர். பின்னர்ப் போர்க்களத்துக்கும் அனுப்பப்படுகின்றனர். ஈற்றில் எழுந்து மனித குலத்தையே அழிக்கின்றனர். இந்நாடகம் 1921ஆம் ஆண்டில் பிராகு நகர அரங்கில் ஏறியது. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரைக் கடனாற் பிணித்த துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்த அத்தொழிலாளர் பலர் வழியிலேயே மாண்டனர். ஏடுகளில் அவர்கள் பெயரினும் எண்ணிக்கையே மிகுதியாகக் காணப்படும். மனிதனை எண்ணாகக் கருதும் மனநிலையும், பொறியை மனிதனுக்கு மாற்றாகக் கருதும் மனநிலையும் தம்முள் நெருங்கியவை. சாப்பெக் கண்டு அஞ்சியது இம்மனநிலையையே.

அச்சத்திற்கு உரியவனாயிருந்த ரோபோ வீரனாக மாறியது யப்பானில். அங்கு ஒசாமு தெசுக்கா என்னும் ஓவியர் 1952ஆம் ஆண்டு முதல் வரைந்த சித்திரக்கதையின் தலைவன் அத்தோம் என்னும் பொறிச்சிறுவன். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அவன் ‘அஸ்ட்ரோ பாய்’ எனப் பெயர் பெற்றான். 1963 சனவரி முதலாந் தேதி தொடங்கி 1966 திசெம்பர் இறுதிவரை, 193 பகுதிகளாக இக்கதை கறுப்பு வெள்ளை அசைவோவியத் தொடராகத் தொலைக்காட்சியில் வந்தது. விபத்தில் மகனை இழந்த அறிவியலாளர் ஒருவர் அவனுக்கு மாற்றாக அத்தோமைச் செய்கின்றார். இவன் வளரமாட்டான் எனக் கண்டதும் வெறுத்து ஒதுக்குகின்றார். அவன் வித்தைக் கூடாரத்தின் வசப்படுகின்றான். ஒச்சனோமிசு என்னும் பேராசிரியர் அவனை மீட்டு வளர்க்கின்றார். இரு நகர்க் குண்டுவீச்சின் துயரை அனுபவித்த நாட்டில், அணுவாற்றலால் இயங்கும் சிறுவன் ஒருவன் ‘அணு’ என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கி அமைதிக்காகப் போராடுவதாகக் கதை எழுந்தமை வியப்புக்குரியது.

அத்தோமின் வீரம் எதில் உள்ளது? அவனுடைய பேராற்றலில் அன்று. அவ்வாற்றலை எதற்குப் பயன்படுத்துவது எனத் தானே முடிவு செய்வதில். விலைக்கு விற்கப்பட்ட பொருள் ஒன்று நன்று தீது உணரும் நெஞ்சம் பெறுகின்றது. ரோபோக்கள் உரிமை பெறுவதும், அதனை மனிதர் சிலர் வெறுப்பதும் இத்தொடரில் மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. அடிமை ஒழிப்பு வரலாற்றைச் சிறுவர்க்கு இதனினும் எளிதாகக் கற்பித்தல் அரிது.

அதே 1963ஆம் ஆண்டின் ஒக்தோபரில் வந்த ‘டெட்சுஜின் 28’ இதற்கு மறுதலையானது. மிட்சுதெரு யோகொயாமாவின் சித்திரக்கதையிலிருந்து பிறந்த இத்தொடரின் இரும்புப் பேருரு, போரின் இறுதிக்காலத்தில் படைக்கலமாகத் திட்டமிடப்பட்டது. அதற்குச் சொந்த அறிவு இல்லை. கையடக்கமான கட்டுப்பாட்டுக் கருவி எவர் கையில் உள்ளதோ, அவருக்கே அது பணியும். கருவி சிறுவன் சோத்தாரோவின் கையில் இருக்கும்போது ஊரைக் காக்கும். கள்வர் கைப்படின் ஊரை அழிக்கும். அசாதசத்துவின் மரப்பாவை இங்கு இரும்புடல் பெற்று மீண்டும் எழுந்தது எனலாம். 1972இல் தொடங்கிய ‘மசிங்கர் இசட்’ பொறியின் தலைக்குள் மனிதனை ஏற்றியது. 1979இல் வந்த ‘கண்டம்’ தொடரோ பொறியை வெறும் போர்க்கருவியாக்கி, அதனை இயக்கும் இளைஞரின் துன்பத்தைச் சித்திரித்தது. இவ்வாறு யப்பானியர் ஒரே வினாவைப் பல கோணங்களில் ஆராய்ந்தனர்: ஆற்றல் எங்குள்ளது, பொறுப்பு எங்குள்ளது?

இவ்வினாவுக்கு அமெரிக்காவில் எழுந்த விடை ‘டிரான்ஸ்ஃபோமர்ஸ்’ என்னும் தொடர். யப்பானின் தக்காரா நிறுவனத்தார் செய்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனத்தார் பெற்று, அவற்றை விற்பதற்குத் துணையாக இத்தொடரை 1984ஆம் ஆண்டில் தொடங்கினர். வண்டியாகவும் விமானமாகவும் உருமாறும் பொறிமாந்தர், ஒட்டோபொட்டுகள், டிசெப்டிகொன்கள் என இரு கூறாகப் பிரிந்து பொருதுவதே கதை. வாணிக நோக்கம் வெளிப்படையாயிருந்தும், கதை வளர வளர அதனுட் பழைய பொருள் தலைகாட்டிற்று. ஒட்டோபொட்டுகளின் தலைவனாகிய ஒப்டிமஸ் பிரைம் முன்னாளில் ஓரியன் பக்ஸ் என்னும் பெயருடைய துறைமுகத் தொழிலாளியாய் இருந்தான் என 1985இல் வந்த பகுதி ஒன்று கூறுகின்றது. 1986இல் வந்த பகுதிகளோ, பொறிமாந்தர் அனைவரும் குவின்டெசன் எனப்படும் எசமானரால் விற்பனைப் பண்டங்களாக ஆக்கப்பட்டவர் எனவும், வீட்டு வேலைக்கு ஒரு வகையும் போருக்கு ஒரு வகையுமாக அவர்கள் வகுக்கப்பட்டனர் எனவும், கிளர்ந்தெழுந்து எசமானரைத் துரத்தினர் எனவும் உரைத்தன. சாப்பெக்கின் நாடகத்து முடிவு இங்குத் தொடக்கமாயிற்று. கிளர்ச்சிக்குப் பின் என்ன? விடுதலை பெற்றோர் ஆற்றலை எவ்வழியிற் செலுத்துவர்? ஒரு சாரார் காத்தலையும் மறுசாரார் ஆளுதலையும் தேர்ந்தனர் என்பதே தொடரின் கரு.

1986இன் திரைப்படத்தில் ஒப்டிமஸ் பிரைம் மாண்டபோது, அமெரிக்கச் சிறுவர் பலர் அரங்கிலேயே அழுதனர். புதிய பொம்மைகளுக்கு இடமளிப்பதற்காகப் பழையவற்றை அகற்றிய வணிகர், தாம் விற்றது பண்டம் என எண்ணியிருந்தனர். சிறுவரோ அதனை உயிரெனக் கொண்டிருந்தனர். அடுத்த ஆண்டிலேயே அத்தலைவன் தொடரில் மீள உயிர்ப்பிக்கப்பட்டான். பொறிக்கு உயிர் தருவது அதன் நெஞ்சம் என்பதை நூல் கற்றோரினும் சிறுவர் விரைந்து உணர்ந்தனர்.

இத்தொடர்களுக்கு எதிராகக் கூறப்படும் குறைகளும் உள. இவை பண்டம் விற்கும் விளம்பரங்களே என்பர் சிலர். போரை விளையாட்டாக்குவன என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவதொரு குறை இவற்றினும் ஆழமானது. அத்தோமின் தொடரைத் தெசுக்கா மிகக் குறைந்த விலைக்கு அளித்தார். வாரந்தோறும் ஒரு பகுதியை முடித்தற்காக ஓவியர்கள் இரவு பகலாக உழைத்தனர். அவர் நிறுவிய முசி ஓவியக்கூடம் 1973இல் நொடித்துப் போயிற்று. குறைந்த ஊதியமும் மிகுந்த உழைப்பும் அத்தொழிலில் நெடுங்காலம் நிலைத்தன. ஊழியத்திலிருந்து விடுபடும் பொறியின் கதையை, ஓய்வற்ற மனிதக் கைகளே வரைந்தன. கதை கற்பிக்கும் அறத்தைக் கதை பிறந்த கூடமே கடைப்பிடிக்கவில்லை என்பது வரலாற்றின் முரண்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தோன்றிற்று. யப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாகினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் மலைநாட்டுச் சிற்றூர்களிலும் அசைவோவியங்கள் அறிமுகமாயின. அக்காலத்துக்குப் பின் நாட்டின் தோற்றமும் மாறிற்று. களுகங்கை நீர்த்தேக்கத்தின்பொருட்டுப் பல்லேகமவின் பழைய நகர் இடம்பெயர, லக்கலையிற் புதிய நகரம் எழுந்தது. முன்னாளில் இராசகாரியத்தால் ஆயிரம் கைகள் மண் சுமந்து எழுப்பியிருக்கக்கூடிய அணையை இந்நாளில் மண்வாரிப் பொறிகள் எழுப்பின. பூதங்களைக் கொண்டு குளம் கட்டிய குளக்கோட்டன் கதை ஒருவாறு மெய்யாயிற்று. மனிதர் தோளினின்றும் சுமை இறங்கியது நன்றே. ஆயின், அணை எங்கு எழும், ஊர் எங்கு பெயரும் என்னும் முடிவு பொறியின் பொறுப்பன்று. அது மனிதர் பொறுப்பாகவே எஞ்சிற்று.

இன்று கணினியும் செயற்கை நுண்ணறிவும் மனிதரின் வேலைகள் பலவற்றை மேற்கொள்கின்றன. இவற்றைக் கண்டு ‘பொறி மனிதனை வெல்லுமோ’ என வினவுவோர் பலர். பொறிவீரர் கதைகளின் நெடிய வரலாறு சுட்டும் வினா வேறொன்று. கேள்வி கேட்காது பணியும் ஏவலனை விழையும் மனம் மனிதனிடத்து நீங்கியுள்ளதா? அவ்விழைவு அசாதசத்துவின் நிலவறையில் மரப்பாவையைச் சுழற்றிற்று, பொகீமியாவில் ரொபோத்தாவாயிற்று, மாத்தளையில் ஆறு நாள் ஊழியமாயிற்று, தோட்டத்துத் துண்டாயிற்று. அதற்கு மாறாக, ஏவப்பட்டோன் ஒருவன் தீய ஏவலை மறுத்து, நல்லதனைத் தானே தேர்ந்து செய்யும்போது அவனை வீரன் எனச் சிறுவர் போற்றுகின்றனர். அவன் இரும்பால் ஆனவனோ தசையால் ஆனவனோ என அவர்கள் பார்ப்பதில்லை. ‘பொறி’ என்னும் சொல் கருவியையும் புலனையும் ஒருங்கே குறிக்குமாறு வழங்கிய தமிழர்க்கு இவ்வுண்மை அயலானதன்று. கருவிகள் பெருகும் காலத்தில் புலன் மழுங்காது காத்தலே கற்றோர் கடன்.